சாவி யார் கையில்?

ஒரு வேலை விளம்பரத்தை முன்வைத்து இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன். அரசுப் பணத்தில் நடக்கிற ஒரு உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் விளம்பரம் அது. ஒரு பக்கம்தான். முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர் ஒருவர் தேவை. செல் உயிரியலில் பட்டம் வேண்டும். கான்ஃபோகல் நுண்ணோக்கியிலும், உயிரோடு இருக்கிற செல்லைப் படம் எடுப்பதிலும் நேரடி அனுபவம் வேண்டும். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் அளந்து ஆராயத் தெரிய வேண்டும். முதல் பெயராக வெளிவந்த கட்டுரைகள் வேண்டும். சிபாரிசு செய்ய இரண்டு பேராசிரியர்கள் வேண்டும். வேலை ஓராண்டுக்கு, திருப்தியாக இருந்தால் நீட்டிக்கப்படும். யாருக்குத் திருப்தி என்று போடவில்லை.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். சாதிப் பெயர் எதுவும் இல்லைதான். அதே சமயம், அரசு வேலை விளம்பரங்களில் நாம் பார்த்துப் பழகிய 'தாழ்த்தப்பட்டோருக்கு இத்தனை, பழங்குடியினருக்கு இத்தனை' என்கிற வரியும் இல்லை. அந்த வரி ஏன் இல்லை, அது இல்லாததால் யார் உள்ளே போகிறார்கள், யார் வாசலோடு நிற்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச வேண்டிய விசயம்.

'போஸ்ட்டாக்' என்றால் என்ன என்று நம்ம தோழர்கள் பலருக்குத் தெரியாது. நம்ம வீடுகளில் ஒரு பிள்ளை டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் தெருவே கூடி மாலை போடுகிறது, பேனர் கட்டுகிறது. அதோடு ஏணி முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். விஞ்ஞானத்தில் அப்படி இல்லை. பட்டம் வாங்கியவர் நேராக விஞ்ஞானி ஆகிவிட முடியாது. இன்னொருவருடைய ஆய்வகத்தில், அவர் வாங்கிய திட்டப் பணத்தில், இரண்டோ நாலோ ஐந்தோ வருசம் ஒப்பந்தக் கூலியாக ஆய்வு செய்ய வேண்டும். அந்த வருசங்களில் வெளிவருகிற கட்டுரையும் அந்த ஆய்வகத் தலைவர் தருகிற கடிதமும்தான் பிறகு நிரந்தர வேலையை முடிவு செய்கின்றன. பட்டத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கிற ஒத்தையடிப் பாதை இது. இந்தப் பாதையில் யாரை விடுவது என்பதை ஒரே ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். தேர்வுத்தாள் இல்லை. மதிப்பெண் பட்டியல் இல்லை. பல இடங்களில் விளம்பரம்கூட இல்லை. ஒரு ஈமெயில், ஒரு போன், ஒரு மணி நேரப் பேச்சு. அவ்வளவுதான்.

இனி கருவிக்கு வருவோம். நான் விலங்கியல் படித்தவன். எங்க கல்லூரியில் நாற்பது பேருக்கு ஆறு நுண்ணோக்கி. அதில் இரண்டில் கண்ணாடி பூசணம் பிடித்திருக்கும். தவளை ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, ஆளுக்கு அரை நிமிசம் பார்த்து, பார்த்ததை விட அதிகமாகப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து கையெழுத்து வாங்கினோம். சாதாரண நுண்ணோக்கியில் செல்லின் மேலே இருப்பது, கீழே இருப்பது எல்லாம் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும். கான்ஃபோகல் செய்கிற வேலை வேறு. லேசர் ஒளியை செல்லுக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறது. திரும்பி வருகிற ஒளியில் அந்தப் புள்ளியின் ஒளியை மட்டும் ஒரு ஊசித்துளை வழியே உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடுகிறது. இப்படிப் புள்ளி புள்ளியாக, அடுக்கு அடுக்காகப் போய், கத்தி வைக்காமலே செல்லை வெங்காயம் அரிந்த மாதிரி வில்லை வில்லையாகக் காட்டுகிறது. மார்வின் மின்ஸ்கி என்கிற அமெரிக்கர் 1957-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டார். லேசரும் கம்ப்யூட்டரும் கைகூடி, 1980களின் கடைசியில்தான் கடைக்கு வந்தது. இன்று காசநோய்க் கிருமி நம் வெள்ளணுவுக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதை உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பார்க்க முடிகிறது. விலை கோடிக்கணக்கில்.

இந்தக் கருவியில் திறமை புத்தகம் படித்து வராது. லேசர் கொஞ்சம் கூடிப்போனால் செல் செத்துவிடும், சாயம் வெளுத்துவிடும். குறைந்துபோனால் படம் முழுக்கப் புள்ளி. செல்லை 37 டிகிரியில் வைக்க வேண்டும், அதுக்கு வேண்டிய கார்பன்-டை-ஆக்சைடு கொடுக்க வேண்டும், மணிக்கணக்கில் நகராமல் பார்க்க வேண்டும். கை பழக வேண்டும். பத்து முறை கெடுத்தால்தான் பதினோராவது முறை வரும். ஆக, 'நேரடி அனுபவம்' என்று விளம்பரம் கேட்பது இதைத்தான்: எத்தனை மணி நேரம் அந்தக் கருவிக்கு முன்னால் உட்கார உனக்குக் கொடுத்தார்கள்? எத்தனை முறை கெடுக்க உன்னை அனுமதித்தார்கள்? தகுதி தகுதி என்று சொல்கிறார்களே, இந்தத் துறையில் அது கருவி அறையில் கிடைத்த நேரத்துக்கு வைத்த இன்னொரு பெயர்.

அந்த விளம்பரத்தை எனக்குக் கொண்டுவந்து காட்டியவர் வட ஆற்காட்டுப் பக்கத்துப் பெண். நம்ம இதழைப் படிக்கிறவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா தோல் ஷாப்பில் தொட்டி வேலை. பாலாற்றுத் தண்ணியும் நிலத்தடித் தண்ணியும் என்ன ஆச்சு என்று பார்த்து வளர்ந்த பிள்ளை. அதனால்தான் ஆய்வுக்கு அந்தத் தலைப்பை எடுத்தார்: குரோமியம் நுரையீரல் செல்லுக்குள் போனால் உள்ளே என்ன சிதைகிறது? எந்தப் பெரிய நிறுவனத்து ஏ.சி. அறையில் உட்கார்ந்தும் தோன்றாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோல் ஷாப் வீட்டில் அந்தக் கேள்வி தினமும் இருமிக்கொண்டே இருந்தது.

அவர் படித்த பல்கலைக்கழகத்தில் கான்ஃபோகல் இல்லை. வேற ஊரில் ஒரு நிறுவனத்தில் இருந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை; உள்ளே படிக்கிறவர்களுக்கு ஒரு ரேட், வெளியாளுக்கு ஒரு ரேட். பகல் நேரம் உள்ளே இருக்கிறவர்களுக்கு. வெளியாளுக்கு மிஞ்சினது ராத்திரி. பெல்லோஷிப் பணம் வர மாசக்கணக்கில் தாமதம். பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தால் தங்க இடம் இல்லை; பஸ் ஸ்டாண்டில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற யாராவது ஒரு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து விடிகிற வரை காத்திருப்பார். ஆண் பிள்ளைக்கு இந்தக் கணக்கு பாதி. பெண்ணுக்கு முழுசு.

"அஞ்சு வருசத்துல மொத்தமா பதினொரு மணி நேரம்ண்ணா" என்றார். எண்ணி வைத்திருக்கிறார். அதே வருசம் பெரிய நிறுவனத்தில் சேர்ந்த ஒரு பையனுக்குக் கருவி கீழ்மாடியில். வாரம் வாரம் ஓட்டலாம்.

பத்தொன்பது இடத்துக்கு எழுதினார். இரண்டு இடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு இடத்தில் கேட்டது: தனியா எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கீங்க? உண்மையைச் சொன்னார். "சிரிச்சாரு. கெட்ட சிரிப்பு இல்லண்ணா. பாவம்னு சிரிப்பாங்களே, அது." இன்னொரு இடத்தில் கேட்டது: உங்க கைடு யாரு? சொன்னதும் வந்த பதில்: அவரை எனக்குத் தெரியாதே. முடிந்தது பேச்சு. யாரும் அவரைச் சாதி கேட்கவில்லை. கேட்கத் தேவையே இல்லை. எந்தக் கைடை யாருக்குத் தெரியும், யாருக்கு யார் கிளாஸ்மேட், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிட்டார்கள் என்கிற வலைப்பின்னல் தன் வேலையை ஓசையில்லாமல் முடித்துவிடுகிறது. கிராமத்தில் தெருவுக்குள் செருப்போடு போகாதே என்று வாய்விட்டுச் சொல்கிறான். இங்கே 'எங்க லேபுக்கு நீங்க சரியா வர மாட்டீங்க' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது? நம்மில் பலர் இட ஒதுக்கீடு என்றால் எல்லா அரசு வேலைக்கும் உண்டு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வரிசையாகப் பாருங்கள்.

1975 ஜூன் 23 அன்று, அவசரநிலை அறிவிப்புக்கு இரண்டு நாள் முன், மத்திய அரசு ஒரு ஆணை போட்டது. ஆராய்ச்சி செய்வதற்கும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுவதற்குமான விஞ்ஞான, தொழில்நுட்பப் பதவிகளில், முதல் வகுப்பின் அடிப்படிக்கு மேலே உள்ள பதவிகளுக்கு இட ஒதுக்கீட்டில் இருந்து விலக்குக் கொடுக்கலாம் என்றது. வாசப்படியில் நில், மாடிக்கு வராதே என்பதன் அரசு மொழி இது. 1992 நவம்பரில் மண்டல் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகள், மருத்துவத்தின் உயர் சிறப்புப் பிரிவுகள் போன்றவற்றுக்கு இட ஒதுக்கீடு உகந்ததாக இருக்காது என்று கருத்துச் சொன்னது. 1998-ல் சண்டிகர் மருத்துவ நிறுவன வழக்கில், ஒரே ஒரு பதவி மட்டும் இருக்கிற இடத்தில் இட ஒதுக்கீடு கூடாது, அது நூற்றுக்கு நூறு ஆகிவிடும் என்றது. 2006-ல் வந்த மத்தியக் கல்வி நிறுவனங்கள் சேர்க்கைச் சட்டம் 15, 7.5, 27 என்று எண்களைச் சொன்ன கையோடு, நாலாவது பிரிவில் ஒரு கதவை வைத்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரில் உள்ள ஜவகர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம் என்று ஒரு பட்டியல் போட்டு, 'உன்னத நிறுவனங்கள்' என்று பேர் வைத்து, அவற்றுக்குச் சட்டம் பொருந்தாது என்றது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய நிலை உள்ளிட்ட உயர் சிறப்புப் படிப்புகளில் அரசு குறிப்பிடுகிறவற்றுக்கும் விலக்கு உண்டு என்று அதே பிரிவில் எழுதிவைத்தது. 2019-ல் ஆசிரியர் பணிக்கான சட்டமும் அப்படி ஒரு விலக்குப் பட்டியலோடுதான் வந்தது.

உன்னதம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நாம் முடிந்துபோகிறோம் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. நாம் உள்ளே வந்தால் உன்னதம் கெட்டுவிடும் என்கிற எண்ணத்துக்குத் தீட்டு என்று ஒரு பழைய பேர் இருக்கிறது.

திட்டப் பணிகளில் இன்னொரு தந்திரம். 45 நாளுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனத்துக்கும் இட ஒதுக்கீடு உண்டு என்பது மத்திய அரசின் சொந்த ஆணை. போஸ்ட்டாக் வேலை வருசக்கணக்கில் போகிறது. அப்புறம் ஏன் இல்லை என்று கேட்டால் வழக்கமான பதில்: இது பதவி இல்லை, திட்டத்தோடு முடிகிற பணி, அப்படியே பதவி என்றாலும் ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு ஆள்தான், ஒற்றைப் பதவிக்கு எப்படி ஒதுக்குவது? ஒரே நிறுவனத்தில் ஐம்பது திட்டம் நடக்கும், ஐம்பது பேர் வேலை செய்வார்கள். ஆனால் ஐம்பதும் ஐம்பது ஒற்றைப் பதவி. ஐம்பது பானையில் தண்ணி இருந்தும் ஒவ்வொரு பானையிலும் ஒரு டம்ளர்தான் இருக்கு, உனக்கு எப்படித் தருவது என்று கேட்கிற கதை இது.

விளைவு என்ன? 2023 ஜனவரியில் 'நேச்சர்' விஞ்ஞான இதழ் இந்திய விஞ்ஞானத்தில் சாதி பற்றி ஒரு விரிவான கட்டுரை போட்டது. நாட்டின் முதல்நிலை நிறுவனங்களில் பேராசிரியர் நிலையில் தலித்துகளும் ஆதிவாசிகளும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று அது சொன்னது. இது நாம் நம்ம பத்திரிகையில் போடுகிற குற்றச்சாட்டு இல்லை. உலக விஞ்ஞானிகள் தினம் புரட்டுகிற பத்திரிகை போட்ட கணக்கு.

'செல்லுக்குச் சாதி ஏது? விஞ்ஞானத்தில் எதுக்குச் சாதியைக் கொண்டு வர்றீங்க?' என்று சில நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். செல்லுக்கு இல்லை, ஐயா. செல்லைப் பார்க்க யாரை உட்கார வைப்பது என்பதில்தான் இருக்கிறது. இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. எர்னெஸ்ட் ஜஸ்ட் என்கிற கறுப்பின விஞ்ஞானி 1883-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்தவர். கடல் உயிரிகளின் முட்டையை நுண்ணோக்கியில் வைத்து, விந்து தொட்ட கணத்தில் முட்டையின் மேற்பரப்பில் ஒரு மாற்றம் அலையாக ஓடுவதைப் பார்த்துச் சொன்னவர். செல்லைச் சிதைக்காமல், உயிரோடு, அதன் இயல்பில் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர். இன்றைய உயிர்ச்செல் படப்பிடிப்பின் அடிப்படையே அந்தப் பார்வைதான். அவருக்கு அமெரிக்காவின் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதுவும் வேலை தரவில்லை. கறுப்பர்களுக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டு, கோடை விடுமுறைகளில் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்துக்குப் போய் ஆய்வு செய்தார். கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனார். செல் மேற்பரப்பு பற்றிய அவரது பெரிய நூல் 1939-ல் வந்தது. 1940-ல் பிரான்சில் ஜெர்மன் ராணுவம் அவரைப் பிடித்து அடைத்தது. வெளியே வந்து, 1941-ல் செத்துப்போனார். அவர் காலம் போய்விட்டது என்று சொல்லவும் முடியாது. 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சி மானியம் கறுப்பின விண்ணப்பதாரருக்குக் கிடைக்கிற வாய்ப்பு வெள்ளையரைவிட 10 புள்ளி குறைவு என்று காட்டியது. படிப்பு, பயிற்சி, கட்டுரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி போகவில்லை.

சாதியும் நிறமும் இல்லாமல், வெறும் காசு மட்டுமே என்ன செய்கிறது என்பதற்கும் இதே துறையில் சாட்சி இருக்கிறது. செல்லுக்குள் பச்சையாக ஒளிர்கிற புரதத்தை ஜெல்லி மீனில் இருந்து 1962-ல் பிரித்தவர் ஷிமோமுரா. அதன் மரபணுவை 1992-ல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். மானியம் தீர்ந்துபோனதால் பிராஷர் ஆய்வை நிறுத்தினார். மரபணுவை மற்ற விஞ்ஞானிகளுக்குக் கொடுத்தார். 2008-ல் அந்தப் புரதத்துக்காக ஷிமோமுராவுக்கும், சால்ஃபிக்கும், சியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது, பிராஷர் ஒரு கார் விற்பனைக் கடையில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எரிக் பெட்சிக் கதை வேறு. அவரும் விஞ்ஞானத்தை விட்டு வெளியே போனவர்தான். ஆனால் போய் நின்ற இடம் அப்பாவின் இயந்திரக் கம்பெனி. அங்கிருந்து விலகி வேலையில்லாமல் இருந்த காலத்தில், நண்பரின் வீட்டு முன்னறையில், சொந்தக் காசு போட்டு ஒரு புது நுண்ணோக்கியைக் கட்டினார். 2014-ல் நோபல் வாங்கினார். திறமையில் இருவரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை. விழும்போது கீழே மெத்தை இருந்ததா, கட்டாந்தரை இருந்ததா என்பதுதான் வித்தியாசம். நம்ம பிள்ளைகளுக்குக் கட்டாந்தரைகூட இல்லை. வீட்டுக் கடனும் தங்கச்சி கல்யாணமும் இருக்கிறது.

சிலர் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. சேலம் மாவட்டத்தில் இருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வு செய்யப் போன செந்தில்குமார் என்கிற தலித் மாணவர், ஒரு கைடு கூட ஒதுக்கப்படாமல், 2008-ல் விடுதி அறையில் உயிரை விட்டார். அதே வளாகத்தில் 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா. விஞ்ஞான எழுத்தாளன் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், பெல்லோஷிப் நிறுத்தப்பட்டு, விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டு, வெட்டவெளியில் படுத்தவர். இவர்களை நினைவுநாளில் மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இவர்கள் கேட்டது என்ன? ஒரு கைடு, மாசம் தவறாத பெல்லோஷிப், ஒரு அறை. ஆய்வு செய்ய வேறென்ன வேண்டும்?

நம்ம பக்கத்தில் இருந்தே ஒரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. 'சேரியில குடிக்கத் தண்ணி இல்ல. சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. மலக்குழியில எறங்கி வருசா வருசம் சாகிறான். இதுல கோடி ரூபா நுண்ணோக்கியில ஒரு வேலை கிடைக்கலன்னு தலையங்கமா?'

ஆமாம், தலையங்கம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த உயிர்மருத்துவம் யார் உடம்பின் மேல் நிற்கிறது? பல ஆய்வகங்களில் நுண்ணோக்கி பழகுகிறவர் முதலில் தொடுவது ஹீலா செல்லை. 1951-ல் பால்டிமோர் நகரத்து ஆஸ்பத்திரியில் கருப்பை வாய்ப் புற்றுக்கு வந்த ஹென்ரியேட்டா லாக்ஸ் என்கிற கறுப்பினப் பெண்ணின் கட்டியில் இருந்து, அவரைக் கேட்காமல் எடுத்தது அது. அந்த வருசமே அவர் இறந்துவிட்டார். செல்கள் இன்னும் சாகவில்லை. அதில் கம்பெனிகள் சம்பாதித்தன. ஒரு பெரிய கம்பெனி அவர் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023-ல்தான். அமெரிக்காவை விடுங்கள். காசநோயாளியைத் தனி ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குச் சொன்னது 1959-ல் வெளிவந்த சென்னை ஆய்வு. அதில் மருந்து தின்று, சளி கொடுத்து, உலக மருத்துவத்துக்குப் பாடம் சொன்னவர்கள் சென்னையின் ஏழைகள். எந்தத் தெருக்களில் இருந்து வந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிவாள் வடிவச் சிவப்பணு இந்தியாவில் இருக்கிறது என்று 1952-ல் முதலில் எழுதப்பட்டது நீலகிரி ஆதிவாசிகளின் ரத்தத்தைப் பார்த்து. அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் உடம்பை அறுக்கிற கை யாருடையது? பெரும்பாலும் நம்மவன் கை. டாக்டர் தள்ளி நின்று பார்த்து எழுதுவார். கத்தி நம்மிடம், கையெழுத்து அவர்களிடம்.

ஆய்வகத்துக்குள் மட்டும் நம்ம ஆட்கள் இல்லையா என்ன? இருக்கிறார்கள். எலிக்கூண்டு கழுவுகிறார்கள். கண்ணாடிக் குடுவை கழுவுகிறார்கள். கழிவை மஞ்சள் பையில் கட்டித் தூக்குகிறார்கள். காண்டிராக்டில். ஸ்லைடின் மேல் நம்ம ரத்தம், தரையில் நம்ம விளக்குமாறு. நுண்ணோக்கியின் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் நம்ம கண் இல்லை. அங்கே கண் இல்லாவிட்டால் எந்த நோயை ஆராய்வது, யாருடைய நுரையீரல் முக்கியம், தோல் ஷாப்புத் தொழிலாளியின் இருமல் ஒரு ஆய்வுத் தலைப்பா இல்லையா என்பதையெல்லாம் எப்போதும் மற்றவர்களே முடிவு செய்வார்கள். மலக்குழியில் இறங்குகிறவனின் மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு விஞ்ஞானி வேண்டாமா? தண்ணீருக்கான போராட்டமும் இந்தப் போராட்டமும் வேறு வேறு இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் வைத்தியராக இருந்துகொண்டேதான் பத்திரிகை நடத்தினார். உடம்பைப் பற்றிய அறிவு நமக்கு அந்நியம் இல்லை.

செய்ய வேண்டியது என்ன? கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

ஒன்று. அரசுப் பணத்தில் நடக்கிற திட்டங்களின் எல்லா ஆய்வுப் பணிகளும் பொதுவில் விளம்பரம் செய்யப்பட வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தேர்வுக் குழுவில் தலித், பழங்குடி உறுப்பினர் இருக்க வேண்டும்.

இரண்டு. ஒரு நிறுவனத்தின் திட்டப் பணிகள் அனைத்தையும் ஒரே அலகாகச் சேர்த்துச் சுழற்சிப் பட்டியல் போட வேண்டும். முடியாது என்பார்கள். முடியும். பல்கலைக்கழக ஆசிரியர் பணியைத் துறைவாரியாகத் துண்டு போட்டு, 13 புள்ளிப் பட்டியல் என்று நம் இடங்களை விழுங்கப் பார்த்தார்கள். நாடு முழுக்கத் தெருவுக்கு வந்தோம். 2019-ல் பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே அலகு என்று அரசே சட்டம் போட வேண்டி வந்தது. அதே நியாயம் ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

மூன்று. 2006, 2019 சட்டங்களில் உள்ள 'உன்னத நிறுவனங்கள்' விலக்குப் பட்டியலை எடுக்க வேண்டும்.

நாலு. கோடி ரூபாய்க் கருவிகளை வாங்கியது பொதுப் பணம். அவற்றில் குறிப்பிட்ட பகல் நேரத்தை மாநிலப் பல்கலைக்கழக, அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டும். தங்கும் இடமும் பயிற்சியும் சேர்த்து. 2020-ல் மத்திய அரசு ஐ-ஸ்டெம் என்று ஒரு தளம் தொடங்கி எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்டிருக்கிறது. நல்லதுதான். பட்டியல் பார்த்தால் கை பழகிவிடாது. அறையைத் திறந்துவிட வேண்டும்.

ஐந்து. பெல்லோஷிப் பணம் மாதாமாதம் வர வேண்டும். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று பேர் குறித்து எழுதி வைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட பத்து ரூபாய் போதும். நீங்கள் படிக்கிற ஊரில் உள்ள ஒவ்வொரு மத்திய ஆய்வு நிறுவனத்துக்கும் நாலு கேள்வி அனுப்புங்கள். கடந்த ஐந்து ஆண்டில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களாக எத்தனை பேர் அமர்த்தப்பட்டார்கள்? அதில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? எத்தனை பணிகளுக்கு விளம்பரம் கொடுக்கப்பட்டது? கான்ஃபோகல் நுண்ணோக்கி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் வெளி மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம்? முப்பது நாளில் பதில் தர வேண்டும். 'அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அதுவும் ஒரு பதில்தான். அதையே எடுத்துக்கொண்டு தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்துக்குப் போகலாம்.

ஆய்வு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. பதினொரு மணி நேரம் ஓட்டியதைப் பதினொரு மணி நேரம் என்றே சொல்லுங்கள், தலை நிமிர்ந்து சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நேரம் தராதவர்கள். உள்ளே ஏற்கனவே போய்விட்ட நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். சாதியை மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் நிலைமை புரிகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் நிற்கிற ஒரு பிள்ளைக்கு விண்ணப்பக் கடிதம் எப்படி எழுதுவது என்று சொல்லித் தரலாம். ஒரு நாள் கருவிக்கு முன்னால் உட்கார வைக்கலாம். பேரை வெளியே சொல்லாமலே இதைச் செய்ய முடியும்.

மனுக்களின் நகலையும் வந்த பதில்களையும் இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். நிறுவனத்தின் பேரோடு, ஒரு எழுத்து மாற்றாமல், வருகிற இதழ்களில் அச்சிடுகிறோம்.